நான் சீன இளவரசியாக இருந்த ஏழு வாரம்

பிள்ளைகளே, உங்களில் யாரும் ராணியாக இருந்திருக்க மாட்டீர்கள். நான் இருந்திருக்கிறேன். பத்து வயதில், ஏழு வாரம். அந்தக் காலத்துக் கூட்டாளிகளில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் அவர்களில் ஒருவன் இப்போதும், "ராணிம்மாவுக்குச் சீனி தூக்கலாவா, குறைச்சா?" என்பான். நாங்கள் சிரிப்போம். பக்கத்து மேசைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது. உங்களுக்கும் விளங்காது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எங்காவது தப்பாக எழுதினால் அந்த மூன்று பேரும் திருத்தட்டும். ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது சிரிப்புக் கதை இல்லை. அடியும் வெட்டும் வரும். பயம் வந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

அப்போது நாங்கள் மலாக்கா காஜா பேராங்கில் இருந்தோம். நாடு சுதந்திரம் வாங்கப்போகிற வருஷம். எங்கள் தொழில் பால். அத்தாப்புக் கூரை வேய்ந்த வீட்டில் முன்பாதி எங்களுக்கு, பின்பாதி பதினொரு மாட்டுக்கு. படுத்தால் பலகைக்கு அந்தப் பக்கம் அவை மூச்சுவிடுவது கேட்கும். சாணமும் புளித்த புண்ணாக்கும் கலந்த வாடை எங்கள் சட்டையில் இருக்கும், தலைமயிரிலும் இருக்கும். எங்களைப் போல ஐந்து வீடு காஜா பேராங்கில். எல்லாரும் சொந்தம். தெங்கேராவில் பால்காரர் வீடு ஆறு. அவர்கள் எங்களுக்குச் சொந்தம் இல்லை.

பால்காரர்களுக்குள் சண்டை பாலுக்காக வராது, புல்லுக்காக வரும். ஜப்பான்காரன் ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு தண்டவாளம் கிடந்த மேடு முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது. இடுப்பு உயரம். மழை பெய்த மறுநாள் அங்கே போனால் பச்சை வாசனை தொண்டைக்குள் இறங்கும். அந்த மேடு யாருக்கும் சொந்தம் இல்லை. அதனாலேயே இரண்டு பக்கமும் தங்களுடையது என்றார்கள்.

முதலில் தெங்கேராக்காரர்கள் என் சித்தப்பாவை மேட்டில் மடக்கி, புல்லுக்கட்டு சுமக்கிற தடியால் வாயிலேயே அடித்தார்கள். முன்பல் நாலு போயிற்று. அதற்குப் பதிலாக எங்கள் பக்கம் அவர்களுடைய சினைமாடு ஒன்றின் பின்னங்கால் நரம்பை அறுத்துவிட்டது. 'எங்கள் பக்கம்' என்று எழுதுகிறேன். அறுத்தது என் அப்பா. விடியும்போது வீட்டுக்கு வந்து, கன்றுக்குட்டி தண்ணீர் குடிக்கிற வாளியில் அரிவாளைக் கழுவினார். நான் பார்த்தேன். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காத மனுஷர் அவர். அன்றைக்கு அந்த வாளித் தண்ணீரைக் கீழே கொட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கன்று வந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அவர்கள் எங்கள் வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். போர் எரிந்த நாலாம் நாள் என் அண்ணன் மேட்டில் தெங்கேரா பெரியவருடைய மூத்த மகனைத் தனியாகப் பார்த்தான். அண்ணனுக்குப் பதினெட்டு வயது. கையில் புல் அறுக்கிற அரிவாள். காதில் ஆரம்பித்து உதடு வரைக்கும் ஒரே இழுப்பு.

தெங்கேரா பெரியவர் போலீசுக்குப் போகவில்லை. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் எங்கள் வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"என் மகன் மூஞ்சியில கோடு போட்டது வலது கைதானே? அந்தக் கை எங்களுக்கு வேணும்னு சொல்லச் சொன்னாரு. உயிரு வேணாமாம். கை மட்டும் போதுமாம்."

அம்மா மடேரென்று கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அண்ணன் மாட்டுக் கொட்டகையைத் தாண்டவில்லை. அவன் பால் ஊற்றுகிற தெருக்களையும் சேர்த்து அப்பாவே சைக்கிள் மிதித்தார். அண்ணன் கொட்டகை மூலையில் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் அவன் கறந்தால்தான் எல்லா மாடும் பால் இறக்கும். அவ்வளவு நல்ல கை.

*

கோயில் தலைவருக்கு ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை. இரண்டு பக்கத்துப் பாலையும் வாங்குகிறவர். சுதந்திர விழா நெருங்குகிற நேரத்தில் நம் ஆட்கள் வெட்டிக்கொண்டு செத்தால் ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு பக்கத்தையும் கோயிலுக்குக் கூப்பிட்டார். பிறகு சித்தப்பா வந்து, பல் இல்லாத வாயால் குழறிக் குழறி, அங்கே பேசியதை அம்மாவிடம் சொன்னார்.

தெங்கேரா பெரியவர் கேட்டது இதுதான். கையை விட்டுவிடுகிறேன். மேட்டுப் புல்லில் சரிபாதியும் தருகிறேன். ஆனால் வெறும் வாய்ப்பேச்சை நம்ப மாட்டேன். இரண்டு பக்கமும் சம்பந்தி ஆகட்டும். "எனக்குச் சின்ன மகன் இருக்கான், பதிமூணு வயசு. உங்க வீட்டுல பொண்ணு இருக்கு. இப்பவே பேசி முடிப்போம். வயசுக்கு வந்ததும் அனுப்புங்க."

எங்கள் வீட்டுப் பொண்ணு என் தங்கை. ஏழு வயது. அப்போது வாசலில் உட்கார்ந்து சீனன் கடை டப்பாவில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு உங்க அண்ணன் என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு."

அப்பா வந்தபோது அம்மா அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அகப்பையைக் கொதிக்கிற பாலோடு தூக்கி அவர் மேல் வீசினாள். தோளில் பட்டது. தோல் சிவந்து, நாங்கள் பார்க்கப் பார்க்க உப்பிக்கொண்டு வந்தது.

"யோசிக்கிறியா? எதை யோசிக்கிறே? கைக்குப் பதிலா பொண்ணா? எவனாச்சும் என் பொண்ணைக் கேட்டு இந்தப் படி ஏறட்டும், பானையோட ஊத்துறேன்!"

"மெதுவாப் பேசுடி. அவன் கை போயிடும்."

"போகட்டும்!" என்றாள் அம்மா. சொன்னவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இந்த இடத்தில்தான் எங்கள் வாத்தியார் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர், கோயில் காரியங்களுக்குக் கணக்குப்பிள்ளையும் அவர்தான். ஒல்லியான மனுஷர், எப்போதும் அக்குளில் ரோத்தான் பிரம்பு இருக்கும். அவர் கோயில் தலைவரிடம் போய், "இவங்களுக்கு ஒரு கல்யாணம் வேணும், அவ்வளவுதானே? நடத்துவோம். மேடையில நடத்துவோம்" என்றார். சுதந்திர விழாவுக்கு எப்படியும் ஒரு நாடகம் போட வேண்டும். நம் மலாக்காவுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய சீன இளவரசி கதையைப் போடலாம். அவர்கள் பக்கம் ராஜா, எங்கள் பக்கம் ராணி. ஊரார் முன்னால் மாலை மாற்றினால் அதுவே சம்பந்தம்.

தெங்கேரா பெரியவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மூன்று நிபந்தனை. ராணியாக நடிப்பது எங்கள் வீட்டு ரத்தமாக இருக்க வேண்டும். பெண்ணைக் கொடுக்கிற சீனச் சக்கரவர்த்தியாக என் அப்பாவே நிற்க வேண்டும். கல்யாணத்தை நிஜப் பூசாரி வந்து நடத்த வேண்டும். அப்படி நடந்தால் அண்ணனின் கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை மேடை ஏற்ற மாட்டார்கள். ஆகவே ராணி நான்.

*

வாத்தியார் எனக்குக் கதை சொன்னார். எங்கே படித்தாரோ, இளவரசிக்குப் பத்து வயதுதான் என்றார். சக்கரவர்த்திக்கும் மலாக்கா ராஜாவுக்கும் இடையில் மனத்தாங்கல் வரக் கூடாது என்பதற்காக அவளைக் கப்பலேற்றினார்களாம். ஐந்நூறு தோழிகள். முகம் தெரியாத ராஜா. புரியாத பாஷை. இங்கே அவளுக்கு ஒரு மலை கொடுத்தார்கள், ஒரு கிணறு வெட்டினார்கள்.

"அவ அழுதாளா சார்?"

"அழுதா. கப்பல் ஏறும்போது அழுதா. இறங்கும்போது அழக் கூடாது. இறங்கும்போது அழுதா, பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு ஆயிடும். ரெண்டு நாட்டுக்கும் சண்டை மூண்டுடும்."

"பத்து வயசுப் பொண்ணு எப்படி சார் அழாம இருக்கும்?"

"அதைத்தான்டா நீ நடிச்சுக் காட்டணும்."

எனக்கு முதல் காட்சியில் அழுகை வரவில்லை. பிரம்பால் கெண்டைக்காலில் விளாசினார். வந்தது. மூன்றாம் காட்சிக்கு அழுகை நிற்க வேண்டும், நிற்கவில்லை. நிற்கும்வரை விளாசினார். ஏழு வாரமும் என் கால் வரிக்குதிரை மாதிரி இருந்தது. வகுப்புப் பையன்கள் அதைக் காட்டி, "ராணிம்மா கொலுசு போட்டிருக்காங்கடா!" என்பார்கள். நான் இரண்டு பேரின் மூக்கை உடைத்தேன். மூன்றாவது ஆள் என் மூக்கை உடைத்தான். அவன்தான் இப்போது சீனி கேட்கிற கூட்டாளி.

அந்த வாத்தியாரை வெகுகாலம் வெறுத்தேன். இப்போது யோசித்தால், அத்தனை பெரியவர்களில் ஏழு வயதுக் குழந்தையைக் கொடுப்பது தப்பு என்று நினைத்து ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான். தங்கையைக் காப்பாற்றிவிட்டு என்னைப் பிளந்தார். இரண்டும் ஒரே மனுஷர்.

ராஜா, தெங்கேரா பெரியவருடைய சின்ன மகன். என்னைவிடத் தலை உயரம் அதிகம். கையைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் என் சுண்டு விரலை மட்டும் தனியாகப் பிடித்துப் பின்னால் வளைப்பான். முகத்தில் ராஜா சிரிப்பு. உதடு அசையாமல், "கத்துடா. கத்தினா நாடகம் நிக்கும். நாடகம் நின்னா உங்க அண்ணன் கை" என்பான். நான் கத்தவில்லை. ஒரு நாள் விரல் 'டிக்' என்றது. இப்போதும் அந்தச் சுண்டு விரல் கோணல்தான்.

பதிலுக்கு நானும் சும்மா இல்லை. மாலை மாற்றும்போது மாலைக்குள் இருக்கிற வாழைநாரால் அவன் காதை அறுத்தேன்.

உடுப்பு தைத்தவர் செட்டிக் கம்பத்துத் தையல்காரம்மா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. எங்கள் கோயிலுக்கு வருவார், நெற்றியில் விபூதி இருக்கும், ஆனால் தமிழ் வராது. வீட்டுப் பேச்சு முழுக்க மலாய். நடுநடுவே சாமி பெயர் மட்டும் தமிழில் விழும். தன் பெட்டியிலிருந்து பழைய கெபாயாச் சட்டையும், கல்யாணத்துக்கு வைக்கிற தகட்டுப் பூ ஊசிகளும் எடுத்து வந்து என் தலையில் குத்தினார். "ஜாங்கான் கெரா, ஜாங்கான் கெரா" என்றார், அசையாதே என்று. அந்தப் பூக்கள் ஒவ்வொன்றும் மெல்லிய கம்பியில் நின்று நடுங்கும். நான் மூச்சுவிட்டாலே காதோரம் கிலுகிலு என்று சத்தம் வரும். அப்படி ஒரு சத்தத்தை அப்புறம் நான் எங்கும் கேட்டதில்லை. கையைத் தூக்கச் சொன்னபோது கன்றிப்போயிருந்த விரலைப் பார்த்துவிட்டார்.

"சியாப்பா புக்குல்?" யார் அடித்தது?

"ராஜா" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வாசனை எண்ணெய் தொட்டு அந்த விரலை ரொம்ப நேரம் நீவிவிட்டார்.

ஒத்திகைக்கு ராஜாவின் அண்ணனும் வருவான், என் அண்ணனின் அரிவாளால் முகம் கிழிந்தவன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்ப்பான். தையல் போட்ட இடம் காய்ந்து, கருப்புக் கம்பளிப்பூச்சி ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் அவனுக்குத் தேநீர் கொடுத்தார்கள். குடித்தது பாதி உதட்டு ஓரமாக வழிந்து சட்டையில் ஒழுகியது. அவனுக்கே தெரியவில்லை. ராஜா ஓடிப் போய்த் தன் தோள் துண்டால் அவன் தாடையைத் துடைத்துவிட்டான். திரும்பி வந்து என் கையைப் பிடித்தான். அன்றைக்கு விரலை வளைக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு சுற்றினான். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

*

நாடகம் காலை பத்து மணிக்கு. பால்காரர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி கறக்க வேண்டும், அதனால் அந்த நேரம். கோயில் திடலில் எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்திப் பலகை போட்ட மேடை. பள்ளிக்கூட மேசைக்குச் சிவப்புத் துணி போர்த்திச் சிம்மாசனம். யார் கையிலும் தடியோ கத்தியோ கூடாது என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார், காவலர்களின் வாள்கூட அட்டைதான். நிஜ அரிவாள் ஒன்றே ஒன்று. மேட்டுப் புல்லில் பாதியைக் கொடுப்பதற்கு அடையாளமாகத் தெங்கேராக்காரர்கள் ஒரு புல்லுக்கட்டைச் சீர்வரிசையாகக் கொண்டு வந்து மேடையில் வைத்தார்கள். முறைப்படி அதில் ஓர் அரிவாளைச் செருகியிருந்தார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

அண்ணன் எழுபது நாளுக்குப் பிறகு வெளியே வந்திருந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். புதுச் சட்டை. தங்கை அவன் மடியில்.

கப்பல் ஏறும் காட்சியில் அழுதேன். இறங்கும் காட்சியில் அழவில்லை. வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கல்யாணக் காட்சி வந்தது. ஏழு வார ஒத்திகையிலும் அந்தச் சடங்கை மட்டும் நாங்கள் செய்து பார்க்கவில்லை, அதைப் பூசாரி பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தார்கள். பூசாரி தாம்பாளத்தோடு மேடை ஏறினார். ராஜாவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார். காலடியில் தாம்பாளத்தை வைத்தார். எந்தக் கல்யாணத்திலும் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்:

"பொண்ணோட தகப்பனார் வாங்க. மாப்பிள்ளை காலை அலம்புங்க. பால் எங்க? அந்தா, அந்தத் தூக்குல இருக்கே, அதை எடுங்க."

அது எங்கள் வீட்டுத் தூக்கு. பாயசத்துக்காக அம்மா கொடுத்தனுப்பிய பால்.

கோயில் தலைவர், வாத்தியார், அப்பா, சித்தப்பா, இத்தனை பேர் இத்தனை நாள் பேசினார்களே, ஒருவருக்காவது இது தோன்ற வேண்டாமா? கல்யாணம் ஆனால் இரண்டு பக்கமும் சமம் என்றே எல்லாரும் பேசினார்கள். நம் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் என்றைக்குச் சமமாக இருந்திருக்கிறது? பெண் கொடுப்பவன் குனிந்துதான் கொடுக்க வேண்டும். தெங்கேரா பெரியவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு, சக்கரவர்த்தி அங்கியோடு, அந்தப் பையன் காலடியில் மண்டியிட்டார். சோற்றுப் பசையால் ஒட்டிய சீன மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

தெங்கேரா பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "நல்லாத் தேய்ச்சுக் கழுவு லா! விரலுக்கு நடுவுல சாணி இருக்கும்!"

சிரிப்பு.

"சினைமாட்டுக் கால அறுத்த கைதானே, நல்லா அலம்பட்டும்!"

எங்கள் பக்கத்திலிருந்து சித்தப்பா குழறினார்: "எந்திரிண்ணே! எந்திரிச்சு வா! மானம் போகுதுண்ணே!"

அப்பா பாலை ஊற்றினார். வெடிப்பு வெடிப்பாக இருந்த அந்தக் காலில் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். ராஜா குனிந்து, எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "போதும் மாமா, போதும்" என்றான். மாமா என்றுதான் சொன்னான்.

அப்போது அண்ணன் தங்கையை மடியிலிருந்து இறக்கிவிட்டு மேடையில் பாய்ந்தான்.

தாம்பாளத்தை எட்டி உதைத்தான். அது பறந்து போய்ப் பூசாரி முழங்காலில் மோதியது. ராஜாவின் நெஞ்சில் ஒரு மிதி. மேசையோடு பின்னால் சாய்ந்தான் ராஜா. அப்பா, "வேணாம்டா, முடிஞ்சிருச்சுடா, முடிஞ்சிருச்சு" என்று அண்ணன் காலைக் கட்டிக்கொண்டார். அண்ணன் அவரையும் உதறினான். "யாரு காலுல விழுறே? எனக்காகவா? என் கை இல்லாட்டிப் போகுது!" என்று அலறினான்.

இரண்டு பக்கமும் மேடையில் ஏறிவிட்டது. பலகை முறிகிற சத்தம். நாற்காலிக் கால்கள். யாரோ என் தலையைப் பிடித்து இழுத்ததில் பூ ஊசிகள் பிய்ந்து, ரத்தம் புருவத்தில் இறங்கியது. என் வயிற்றில் ஓர் உதை. நான் விழுந்த இடத்தில் ராஜா என் மேல் வந்து கவிழ்ந்தான். கொல்லத்தான் வருகிறான் என்று கண்ணை மூடினேன். அவன் என்னைக் கவிழ்ந்த மேசைக்கு அடியில் தள்ளி, தன் முதுகால் மறைத்துக்கொண்டு, தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்:

"இவனைத் தொடாதீங்க! காலைக் கழுவியாச்சு! பொண்ணைக் கொடுத்தாச்சு! இது எங்க வீட்டுப் பொண்ணு!"

அந்தச் சண்டைக்கு நடுவிலும் இரண்டு மூன்று தெங்கேரா ஆட்கள் நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் நாற்காலிக் காலால் ராஜாவின் முதுகில் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் அவன் தாடை என் நெற்றியில் மோதியது. நகரவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து பார்த்தேன். இரண்டு பேர் அண்ணனைக் கீழே போட்டு வலது கையை நீட்டிப் பிடித்திருந்தார்கள். கன்னத்தில் தையல் தழும்பு இருந்த ராஜாவின் அண்ணன் புல்லுக்கட்டிலிருந்து அரிவாளை உருவினான். என் கண்ணுக்கும் அதற்கும் நான்கு முழம் இடைவெளி இருக்கும். புல் அறுக்கிற அரிவாள் இழுத்துத்தான் அறுக்கும், வெட்டாது. அதனால் ஒரே தடவையில் போகவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். என் அண்ணன் கத்தியதைவிட, கன்னத்துத் தழும்பு பிளந்து வெட்டியவன் கத்தியதுதான் எனக்குக் காதில் நின்றது. மேடைக்குக் கீழே தெருநாய் ஒன்று பலகை இடுக்கால் ஒழுகுகிற பாலை நக்கிக்கொண்டே இருந்தது.

*

தையல்காரம்மா தன் சாரோங்கைக் கிழித்து அண்ணன் கையைக் கட்டினார். ஒரு காரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது.

கம்யூனிஸ்டுகளை அடக்க அரசாங்கம் போட்ட அவசரகாலம் அப்போது. கும்பலாக வெட்டிக்கொண்டால் இரண்டு பக்கத்து ஆண்களையும் அள்ளி, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. உண்மையோ பொய்யோ, அந்தப் பேச்சுக்கு எல்லாரும் பயந்தார்கள். தமிழ் தெரிந்த சார்ஜன் ஒருவர் அப்பாவை நிறுத்திக் கேட்டார்.

"யார் வெட்டினது?"

அப்பாவின் உடையெல்லாம் ரத்தம். மீசை இன்னும் ஒரு பக்கம் தொங்கியது. "நாடகம்ங்க. புல்லு அறுக்கிற கட்டம். கை தவறிப் பட்டுடுச்சு" என்றார்.

சார்ஜன் தெங்கேரா பெரியவரிடம் திரும்பினார்.

"ஆமாங்க. கை தவறிப் பட்டுடுச்சு" என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான். ஏழு வார ஒத்திகையால் முடியாததை அந்த ஒரு பொய் செய்தது.

சார்ஜன் நம்பவில்லை. நம்புகிற முட்டாள் எவன்? என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். நான் இன்னும் ராணிதான். பாதிப் பூ தலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. "நீதான்பா கிட்ட இருந்தவன். பயப்படாதே. யாரு வெட்டினா, கையைக் காட்டு போதும்."

அவருக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள். அப்பா நின்றார். கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு வெட்டியவன் நின்றான். முதுகு நிமிர முடியாமல் ராஜா நின்றான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தாள். விரலை நீட்டினால் அண்ணனுக்கு நியாயம். விரலை நீட்டினால் மறுபடி அரிவாள், மறுபடி கப்பல் பேச்சு, பதினொரு மாடும் அநாதை. பத்து வயதில் இவ்வளவு தெளிவாக யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"நான் பாக்கல சார்" என்றேன். "கல்யாணப் பொண்ணு தலை நிமிரக் கூடாது. குனிஞ்சே இருந்தேன்."

சார்ஜன் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு எழுந்தார்.

சமாதானம் நிலைத்தது, பிள்ளைகளே. புல்லு மேட்டின் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு ஆளுக்குப் பாதி அறுத்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. தங்கை படித்தாள், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள், செமாபோக்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். இந்தக் கதையில் பாதி அவளுக்கே தெரியாது. கேட்டால் எல்லாரும், 'நாடகம் போட்டு ஊர்ப் பகையைத் தீர்த்தார்கள்' என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு என்னை நாலாம் நாள் கூட்டிப் போனார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கை வரை வெள்ளைத் துணிப் பொட்டலம். இடது கையைப் போர்வைக்குள் வைத்திருந்தான். நாலு நாளும் அதை வெளியே எடுக்கவில்லையாம். அம்மாதான் சோறு ஊட்டினாள், தண்ணீர் புகட்டினாள். அம்மா குழாயடிக்குப் போனதும் அவன் என்னைக் கிட்டே வரச் சொன்னான்.

"அப்பா என்ன சொன்னாருன்னு தெரியும். நீ என்ன சொன்னே?"

சொன்னேன்.

"நீ நிசமா பாக்கலையா?"

அவனிடம் பொய் சொல்ல வரவில்லை. "பாத்தேன்ணே" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. என் கன்னத்தில் அறைந்தான். அந்தக் கை அவனுக்குச் செய்த முதல் வேலை அது. வலிக்கவே இல்லை. இன்னும் பழகாத கை.